முதலில் மாவு மாறியது

உணவு நிறுவனங்கள் பெயரை மாற்றுகின்றன, முத்திரையை மாற்றுகின்றன, இணையதளத்தைப் புதிதாகக் கட்டுகின்றன. இந்தப் புதுக்கோலம் யார் கண்ணுக்கு? யார் காதுக்கு?

மயிலாடுதுறையில் எனக்கு ஒரு நண்பர். கல்லூரியில் தமிழ் நடத்துகிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. அவருடைய அம்மா தவறி ஓராண்டு ஆகப்போகிற சமயத்தில், நினைவு நாளன்று அறுபது பேருக்கு இலை போட்டுச் சாப்பாடு பரிமாற ஆசைப்பட்டார். அந்த வீட்டில் காதுகுத்து முதல் கல்யாணம் வரை எதுவானாலும் ஒரே சமையல் குழுதான். அம்மா ஃபோனை எடுத்து, “அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை நாப்பது இலை” என்று சொன்னால் போதும். பூசணிக்காயா பரங்கிக்காயா, பாயசம் பாலா பருப்பா என்று மற்றதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

அந்தக் குழு இப்போது நிறுவனமாகிவிட்டது. குழுவை நடத்திய பெரியவரின் மகன் தலையெடுத்ததும் பெயர் மாறியது. லோகோ வந்தது, இணையதளம் வந்தது. பழைய ஃபோன் எண்ணை எடுப்பார் இல்லை. நண்பர் தன் கைபேசியில் அந்தத் தளத்தைத் திறந்தார். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள்தான் அவருக்குக் கண். அது “படம்” என்றது. விரலை நகர்த்தினார். “படம்.” மறுபடியும் நகர்த்தினார். “படம்.” பக்கத்தின் அடி வரை போயும் ஒரு காய்கறியின் பெயர்கூட அவர் காதில் விழவில்லை.

“என்னப்பா போட்டிருக்கான், கொஞ்சம் பாத்துச் சொல்லேன்” என்று சென்னையில் இருந்த என்னைக் கூப்பிட்டார். நான் திறந்து பார்த்தேன். கண்ணைப் பறிக்கும் அழகு. பனித்துளி நிற்கிற தலைவாழை இலை, பித்தளை வாளி, ஆவி பறக்கிற சாம்பார். உணவுப் பட்டியல் முழுவதையும் அச்சடித்த அழைப்பிதழ் போல வடிவமைத்து, அதைப் படமாக ஏற்றியிருந்தார்கள். புதிய ஃபோன் எண்ணும் படத்துக்குள்தான் இருந்தது. வரி வரியாக வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “நல்லாத்தான் பண்ணியிருக்கான்” என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. இப்படித்தான் இருக்கும் என்று பழகிப்போன குரல். பல நாள் அது என்னை விடவில்லை.

அன்றிலிருந்து எந்த உணவு நிறுவனம் புது முகம் காட்டினாலும் நண்பரின் காதை வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கும்போது, படிக்க வேண்டிய பெரிய பாடம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நன்றாகத் தெரிந்த டாமினோஸ்தான் அது. ஓர் உணவு நிறுவனம் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில் எவ்வளவு சரியாக நடக்க முடியும், எந்த இடத்தில் தவற முடியும் என்ற இரண்டுக்கும் அதுவே சாட்சி.

மூன்று புள்ளிகள்

1960-ல் இப்சிலாண்டி என்ற சிற்றூரில் ‘டோமினிக்ஸ்’ என்றொரு சின்ன பீட்சா கடை விலைக்கு வந்தது. டாம் மோனகனும் அவர் தம்பி ஜேம்ஸும் சேர்ந்து வாங்கினார்கள். தம்பிக்குக் கடை ஒத்துவரவில்லை. ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை எடுத்துக்கொண்டு தன் பங்கை அண்ணனிடமே விட்டுவிட்டார். கடை வளர்ந்து கிளை திறந்தபோது, தன் பெயரை அவற்றில் போடக் கூடாது என்றார் பழைய முதலாளி. வேறு பெயர் தேடவேண்டி வந்தது. ஊழியர் ஒருவர் சொன்ன ‘டாமினோஸ்’ 1965-ல் நிலைத்தது.

டாமினோ என்பது நம் தாயக்கட்டை போலப் புள்ளி வைத்த ஆட்டக்காய். முத்திரையில் மூன்று புள்ளி வைத்தார்கள், ஏனென்றால் அப்போது கடைகள் மூன்று. ஒவ்வொரு கடை திறக்கும்போதும் ஒரு புள்ளி கூட்டுவதாகத்தான் எண்ணம். கடைகள் பெருகிய வேகத்தில் புள்ளி வைத்து மாளாது என்று தெரிந்து, மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த மூன்று புள்ளிகள் இன்றும் இருக்கின்றன. வேண்டாம் என்று ஒருவர் சொன்னதால் பிறந்த பெயருக்கு இன்னொரு சோதனையும் வந்தது. 1975-ல் ‘டாமினோ’ சர்க்கரையை விற்கும் ஆம்ஸ்டார் நிறுவனம், இது எங்கள் பெயர் என்று வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் தோற்று, 1980-ல் மேல்முறையீட்டில்தான் பீட்சா கடை தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. ஐந்தாண்டு இழுத்த வழக்கு அது. பெயர் வைப்பதைக் கடைசி நேரத்துக் கைவேலையாக நினைக்கிற எவரும் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

அடுப்பைப் பார்க்க ஒரு ஜன்னல்

நான் சொல்ல வந்த கதை 2008-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜனவரியில் டாமினோஸ் தன் தளத்தில் ‘டிராக்கர்’ என்ற ஒன்றைச் சேர்த்தது. ஆர்டர் கொடுத்தவர் தன் பீட்சா எந்த நிலையில் இருக்கிறது என்று திரையில் பார்க்கலாம். ஆர்டர் வந்தது, தயாராகிறது, அடுப்பில் இருக்கிறது, சரிபார்க்கிறார்கள், கிளம்பிவிட்டது என ஐந்து கட்டங்கள். இன்று எல்லா உணவுச் செயலியும் செய்வதுதானே என்று தோன்றும். அன்றைக்கு இது புதிது.

எப்படி முடிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடைகளுக்குள் ‘பல்ஸ்’ என்ற பெயரில் தங்களுக்கென்றே ஒரு கணினி முறையை அவர்கள் முன்னமே வைத்திருந்தார்கள். ஆர்டர் எடுப்பது, சமையல் மேடைக்குச் சொல்வது, டெலிவரி ஆளை அனுப்புவது எல்லாம் அதன் வழியாகவே நடந்தது. மாவைத் தட்டி முடித்தவர் திரையில் ஒரு தட்டுத் தட்டினால் பீட்சா அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். அந்தத் தட்டலை அப்படியே வாடிக்கையாளரின் திரைக்கும் கொண்டுபோனார்கள். வெளியே தெரிந்த ஐந்து கட்டங்களும் உள்ளே உண்மையிலேயே நடந்த ஐந்து வேலைகள். இணையதள மறுவடிவமைப்பு என்ற பேச்சு வரும்போதெல்லாம் நிறத்தையும் எழுத்துருவையும் பற்றியே பேசுகிறோம். டாமினோஸ் தன் தளத்தில் செய்த மிகப் பெரிய மாற்றம், பசியோடு காத்திருப்பவருக்கு அடுப்பைப் பார்க்க ஒரு ஜன்னல் வைத்தது.

ஆனால் ஜன்னல் வழியே தெரிந்த பீட்சா நன்றாக இல்லை. 2009-ல் பிராண்ட் கீஸ் என்ற ஆய்வு நிறுவனம் எடுத்த சுவைக் கணக்கெடுப்பில், குழந்தைகளின் விளையாட்டுக்கூடமாகப் பெயர்பெற்ற சக் ஈ. சீஸோடு கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டது டாமினோஸ். அதே ஆண்டு ஏப்ரலில் இன்னோர் அடி. வட கரோலினாவில் ஒரு கிளையில் இரண்டு ஊழியர்கள் உணவை அசிங்கப்படுத்தி, அதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டுவிட்டார்கள். சில நாட்களில் பத்து லட்சத்துக்கு மேல் பேர் பார்த்துவிட்டார்கள். நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவராக இருந்த பேட்ரிக் டாயில், அதே யூடியூபில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். ஐம்பதாண்டை நெருங்கிய நிறுவனத்தின் பெயர் இரண்டே நாளில் மண்ணைக் கவ்வியது.

இந்த நிலையில் இருக்கிற நிறுவனத்துக்கு ஆலோசகர்கள் வழக்கமாகச் சொல்லும் மருந்து பெயரை மாற்று, நிறத்தை மாற்று என்பதுதான். டாமினோஸ் மாவைக் கையில் எடுத்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு சோதித்துப் பார்த்து, அடிப்பாகம், சாஸ், சீஸ் மூன்றையும் மாற்றியிருந்தார்கள். ஓரத்தில் வெண்ணெயும் பூண்டும் பார்ஸ்லி இலையும் தடவினார்கள். சாஸில் லேசாக மிளகாய்க் காரம் ஏறியது. மொசரெல்லாவோடு கொஞ்சம் புரோவலோன் சேர்ந்தது. 2009 டிசம்பரில் புதிய பீட்சா கடைகளுக்கு வந்தது.

அடுத்து வந்த விளம்பரத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கிரிஸ்பின் போர்ட்டர் பொகஸ்கி என்ற விளம்பர நிறுவனம் எடுத்தது. வாடிக்கையாளர்கள் கூட்டமாக உட்கார்ந்து, இந்தப் பீட்சாவின் ஓரம் அட்டை மாதிரி இருக்கிறது, சாஸ் கெட்சப் மாதிரி இருக்கிறது என்று சொல்கிறார்கள். சமையல்காரர்களும் நிர்வாகிகளும் அதைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார்கள். பிறகு, ஆமாம், அவர்கள் சொல்வது சரிதான், மாற்றிவிட்டோம், சாப்பிட்டுப் பாருங்கள் என்கிறார்கள். தன் பண்டம் நன்றாக இல்லை என்று தானே காசு கொடுத்து ஊருக்குச் சொன்ன நிறுவனம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. 2010-ன் முதல் மூன்று மாதங்களில், ஏற்கெனவே இருந்த அமெரிக்கக் கடைகளின் விற்பனை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 14.3 சதவிகிதம் உயர்ந்தது.

அதோடு நிற்கவில்லை. அந்த ஆண்டின் நடுவில், விளம்பரப் படங்களில் உணவைச் செயற்கையாக அழகுபடுத்த மாட்டோம் என்று அறிவித்து, வீட்டுக்கு வந்த பீட்சாவை வாடிக்கையாளர்களையே படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். உணவைப் படம் பிடிக்கிற ஸ்டூடியோக்களில் என்னென்ன நடக்கும் என்று அறிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். 2011 ஜூலை, ஆகஸ்டில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பெரிய மின்பலகை ஒன்றை ஒரு மாதத்துக்குப் பிடித்து, டிராக்கர் வழியாக வந்த கருத்துகளை ஓடவிட்டார்கள். கெட்ட வார்த்தைகளை மட்டும் வடிகட்டினார்கள். பாராட்டோடு திட்டும் ஓடியது.

இத்தனைக்கும் பிறகுதான் முத்திரைக்கு வந்தார்கள். 2012-ல் லோகோவிலிருந்து ‘பீட்சா’ என்ற சொல் நீங்கியது. சிவப்பும் நீலமுமான ஆட்டக்காயும் மூன்று புள்ளிகளும் பெயரும் மட்டும் மிஞ்சின. அதற்கும் காரணம் இருந்தது. 2008-ல் சாண்ட்விச்சும் 2009-ல் பாஸ்தாவும் பட்டியலில் சேர்ந்திருந்தன, கோழியும் விற்றார்கள். கடைகளையும், மாவு தட்டுவதை வந்தவர் நின்று பார்க்கும்படி திருத்தினார்கள். மாவு மாறி இரண்டரை ஆண்டு கழித்து முகம் மாறியது. இந்த வரிசையைத்தான் நான் மீண்டும் மீண்டும் சொல்ல விரும்புகிறேன். பந்தியில் உட்கார்ந்தவருக்கு முதலில் இலையில் விழுவது ருசிக்க வேண்டும். பந்தல் ஜோடனையை அவர் கை கழுவிவிட்டு எழுந்த பிறகு பார்ப்பார்.

அதன் பின்னர் அவர்கள் தொழில்நுட்பத்தில் போட்ட உழைப்பு அசாதாரணமானது. ஆன் ஆர்பர் நகரிலுள்ள தலைமையகத்தில் 2016 வாக்கில் பணியாற்றிய சுமார் 800 பேரில் 400 பேர் மென்பொருளிலும் தரவு ஆய்விலும் இருந்தார்கள். வழக்கமாக வாங்கும் பீட்சாவைப் பதிந்துவைத்துக்கொண்டால், செயலியைத் திறந்து பத்து நொடி சும்மா இருந்தாலே ஆர்டர் போய்விடும் என்ற வசதியும் அந்த ஆண்டுதான் வந்தது. பட்டனைக்கூடத் தொட வேண்டியதில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அதே முகத்தோடு இருந்துவிட்டு, 2025 அக்டோபரில்தான் நிறத்தைப் பளிச்சென்று ஆக்கி, தங்களுக்கென்றே ஓர் எழுத்துருவும் வைத்துக்கொண்டு மறுபடி புதுப்பித்தார்கள்.

ஒருவருக்கு மட்டும் மூடிய கதவு

பட்டனைத் தொடாமலே ஆர்டர் போடும் வசதி வந்த அதே 2016-ல், கலிஃபோர்னியாவில் பார்வையற்ற ஒருவர் நீதிமன்றம் போனார். திரைவாசிப்பு மென்பொருளை வைத்து டாமினோஸ் தளத்திலும் செயலியிலும் தனக்கு வேண்டிய பீட்சாவை அவரால் வாங்க முடியவில்லை. தளத்தில் மட்டும் தரும் தள்ளுபடியும் அவருக்குக் கிடைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி, கடை வாசலில் சாய்தளம் அமைப்பதைப் போலவே இணைய வாசலையும் தனக்குத் திறந்துவைக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

நிறுவனம் எதிர்த்தது. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது இணையதளங்களே இல்லை என்றது. தளம் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று அரசு விதி வகுக்கவில்லை என்றது. 2017-ல் கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. 2019 ஜனவரியில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, கடையின் சேவையை மக்களோடு இணைக்கிற தளத்துக்கும் செயலிக்கும் சட்டம் பொருந்தும் என்றது. டாமினோஸ் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பி, 2021 ஜூனில் மனுதாரர் பக்கம் தீர்ப்பானது. மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

அந்த 2021 தீர்ப்பில் உள்ள ஒரு செய்தியை என்னால் மறக்க முடியவில்லை. தளம் முடியாவிட்டால் என்ன, ஃபோனில் ஆர்டர் கொடுக்கலாமே என்பது நிறுவனத்தின் வாதங்களில் ஒன்று. மனுதாரர் ஃபோனிலும் முயன்றிருக்கிறார். குறைந்தது இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 45 நிமிடத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு வைத்திருக்கிறார்.

பத்து நொடியில் ஆர்டர் வாங்கும் திறமை படைத்த நிறுவனம் அது. தன் தவற்றை உலகறிய ஒப்புக்கொண்ட நிறுவனமும் அதுதான். 2010-ல் சாஸ் கெட்சப் மாதிரி இருக்கிறது என்றவர்களுக்குக் காதுகொடுத்தவர்கள், 2016-ல் ஒரு மனிதர் உங்கள் கதவு எனக்குத் திறக்கவில்லை என்றபோது ஏன் காதுகொடுக்கவில்லை? முதல் கதையை எவ்வளவு மதிக்கிறேனோ, அவ்வளவு இந்த இரண்டாவது கதை எனக்கு வலிக்கிறது. ஐந்தாண்டுக்கு மேல் வழக்கறிஞர்களுக்குச் செலவிட்ட நேரத்தில், அந்தத் தளத்தைத் திருத்தி முடித்திருக்கலாம். வழிகாட்டும் நெறிகள் 2008-லிருந்தே உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளவை. படத்துக்குப் பக்கத்தில் அது என்ன என்று ஒரு வரி எழுது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் நிற வேறுபாடு வை. சுட்டி இல்லாமல், விசைகளை மட்டும் வைத்துத் தளம் முழுவதும் போய்வர வழி செய். இவை எந்தக் கணினிப் பிள்ளைக்கும் தெரிந்த வேலைகள்.

நம் நாட்டிலும் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று நம் உச்ச நீதிமன்றம், இணையவழிச் சேவைகளை எட்டும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. வங்கிகளிலும் பிற இடங்களிலும் அடையாளச் சரிபார்ப்பு செய்யும்போது பார்வையற்றோரும் அமிலவீச்சில் முகம் சிதைந்தோரும் படும் பாட்டை முன்வைத்த வழக்கு அது. ஆனால் சாப்பாடும் வாழ்வுரிமைதானே.

நாக்கில் புரளாத எழுத்து

பெயர் மாற்றத்தைப் பற்றி இரண்டு செய்திகள். ஒன்று, நம் ஐடி ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரு காலத்தில் சட்டைப்பையில் இருந்த பெயர், சோடெக்ஸோ. 1966-ல் பிரான்ஸின் மார்செய் நகரில் பியர் பெலோன் தொடங்கிய உணவுச் சேவை நிறுவனம். அலுவலகம், பள்ளி, மருத்துவமனை என்று உலகமெங்கும் சமைத்துப் போடுகிறது. 2008 வரை அதன் பெயரில் எக்ஸுக்குப் பிறகு ஒரு ஹெச் இருந்தது. பல மொழிக்காரர்களின் நாக்கில் அந்த இரண்டெழுத்தும் சேர்ந்து புரளவில்லை என்பதால் ஹெச்சை எடுத்துவிட்டார்கள். ஓர் எழுத்தை எடுப்பதற்காக உலகம் முழுக்கப் பலகை, சீருடை, வண்டி, தளம், கடிதத்தாள் எல்லாம் மாற்ற வேண்டும். செய்தார்கள். சொல்பவர் வாய்க்காக எழுத்தைக் கழித்த அந்த முடிவு எனக்குப் பிடிக்கும். பின்னர் 2023-ல் உணவுக் கூப்பன் பிரிவைத் தனியே பிரிக்க முடிவெடுத்து, அதற்கு ‘ப்ளக்ஸீ’ என்று பெயரிட்டார்கள். நம் ஊழியர்கள் இன்னமும் ‘சோடெக்ஸோ கார்டு’ என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொன்று, சொமேட்டோ. 2008-ல் டெல்லியில் உணவகங்களின் மெனு அட்டைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்ட தளம் அது. முதல் பெயர் ‘ஃபுடீபே’. ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பெயரின் கடைசி நான்கு எழுத்தும் ‘ஈபே’ என்ற பெரிய நிறுவனத்தின் பெயராக அமைந்துவிட்டது. வம்பு வேண்டாமென்று 2010-ல் சொமேட்டோ ஆனார்கள். தக்காளியின் ஓசை அதில் இருந்ததால் சட்டென்று பதிந்தது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த ஆழமான பாடம் பெயரில் இல்லை, மொழியில் இருந்தது. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், ஆர்டரில் ஒரு பண்டம் வராததற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, இந்தி தேசிய மொழி, எல்லாரும் கொஞ்சமாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று பதில் சொன்னார் சேவைப்பிரிவு ஊழியர். தமிழகம் கொதித்தது. நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. செயலியைத் தமிழில் உருவாக்கிவருவதாகவும், கோயம்புத்தூரில் தமிழ் சேவை மையம் அமைத்துவருவதாகவும் சொன்னது. உண்பவரோடு அவர் மொழியில் பேசத் தெரியாத நிறுவனத்தின் முகம் எத்தனை அழகாக இருந்தாலும் பயன் இல்லை என்று அன்று பலருக்கும் புரிந்திருக்கும். 2025-ல் தாய் நிறுவனத்தின் பெயர் ‘எடர்னல்’ ஆகிவிட்டது. நல்லவேளையாக, மக்கள் விரல் வைக்கிற செயலியின் பெயரை அவர்கள் தொடவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

நம் ஊரில் சமையல் குழுக்கள், மெஸ்கள், கல்யாணக் கான்ட்ராக்டர்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் பெயரைப் பதிவுசெய்து தளம் திறக்கிறார்கள். அதை நான் மனதார வரவேற்கிறேன். நாற்பது வருடம் அடுப்படியில் வெந்தவர்களின் பிள்ளைகள் தங்கள் தொழிலுக்கு மரியாதையான ஒரு முகம் கேட்கிறார்கள். கிடைக்கட்டும். ஆனால் தளம் கட்டித் தருகிறவர்களிடம் அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பதில்லை.

உணவுப் பட்டியல் எழுத்தாக இருக்கிறதா, படமாக இருக்கிறதா? இதைத்தான் முதலில் கேட்பேன். படமாக இருந்தால் பார்வையற்றவரால் கேட்க முடியாது. கூகுளாலும் அதைச் சரியாகத் தேட முடியாது. விலையை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி வடிவமைப்பாளரிடம் ஓட வேண்டும். தமிழுக்கு யூனிகோடு வந்து வேரூன்றிய பிறகும், அழகான எழுத்துரு வேண்டும் என்பதற்காகத் தமிழைப் படமாக ஒட்டுகிற பழக்கம் நம்மிடம் விடவே இல்லை. என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான்கள் தமிழை வாசிக்கின்றன. வாசிக்க எழுத்துதான் இல்லை.

அடுத்தது ஃபோன் எண். தொட்டால் அழைப்புப் போகிற எண்ணாக, முதல் திரையிலேயே இருக்க வேண்டும். சாவு வீட்டில் பதினாறாம் நாளுக்குச் சாப்பாடு சொல்ல வருபவர் படிவம் நிரப்பிவிட்டு, “தொடர்புகொள்கிறோம்” என்ற வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் கண்ணில் படட்டும். எந்த ஊர்கள் வரை வருவார்கள், குறைந்தது எத்தனை இலை, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை ஒளிக்காமல் எழுதட்டும்.

பெயர் மாறுகிறதென்றால் பழைய இணைய முகவரிக்கு வருபவர் தானாகப் புதிய முகவரிக்குப் போகும்படி நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். கூகுள் வரைபடத்தில் பழைய இடத்தை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் வாடிக்கையாளர்கள் பல வருடமாக எழுதிய கருத்துகள் அழிந்துபோகும். இருக்கிற பதிவிலேயே பெயரைத் திருத்தலாம். புதிய பெயருக்குக் கீழே சிறிது காலம் பழைய பெயரையும் எழுதிவைக்கலாம். பழைய ஃபோன் எண்ணை எக்காரணம் கொண்டும் விடவே கூடாது. அது எத்தனையோ வீடுகளின் கல்யாண நோட்டில் கைப்பட எழுதியிருக்கிற எண்.

தளம் முழுக்கப் பெரிய காணொளிகளை ஏற்றி ஒரு பக்கம் திறக்கவே அரை நிமிடம் ஆகும்படி செய்வதையும் பார்க்கிறேன். கிராமத்தில் இரண்டு கோடு சிக்னலில் திறப்பவரை மனதில் வைத்துப் பக்கத்தின் எடையைக் குறைக்க வேண்டும்.

நினைவு நாளுக்குப் பத்து நாள் முன்னால் நண்பரும் நானும் அந்தச் சமையல் கூடத்துக்கு நேரிலேயே போனோம். பெரியவர் அடுப்படியில் இருந்தார். நண்பரின் குரலைக் கேட்டதும் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்க வாத்தியாரய்யா, அம்மா போயி வருசம் ஆயிருச்சா” என்றவர், யாரும் கேட்காமலே பட்டியலைச் சொல்ல ஆரம்பித்தார். அம்மாவுக்குப் பிடித்த வாழைத்தண்டுக் கூட்டு, கருணைக்கிழங்கு மசியல், வத்தக்குழம்பு. ஒவ்வொன்றுக்கும் நண்பர் தலையசைத்தார்.

மகன் அரிசி மூட்டை மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தளத்தில் நேர்ந்ததை நான் சொன்னேன். நண்பரின் கைபேசியை வாங்கிக் காதில் வைத்து, “படம், படம்” என்று அது சொல்வதைக் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது. “எனக்குத் தெரியாதுண்ணே, சத்தியமா” என்றார். அப்போதே பட்டியலைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். அப்பா சொல்லச் சொல்ல மகன் அடித்தார். மாலை ஐந்தரை மணிக்கு முதல் பக்கம் ஏறியது. நண்பர் விரலை வைத்துத் தடவி, காதோரம் பிடித்துக் கேட்டார். குரல் ஒவ்வொரு பண்டமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. ஓர் இடத்தில் நிறுத்தினார். மறுபடி கேட்டார்.

“தம்பி, கருணைக்கிழங்குல ஒரு ‘க்’ விட்டுட்டியே.”